குறையைக் குறித்து வைப்போம்

குறையில்லாத மனிதர் உலகில் இல்லை என்று சொன்னால் எல்லோரும் தலையாட்டுவோம். ஆனால், "சரி, உங்களிடம் உள்ள குறை என்ன?" என்று யாராவது கேட்டுவிட்டால் பதிலுக்கு முன்னால் கோபம் வந்துவிடும். பொதுவாக ஒப்புக்கொள்வது சுலபம்; குறிப்பாக ஒப்புக்கொள்வதுதான் கடினம். ஆனால் திருத்தம் தொடங்குவது அந்த இடத்தில்தான்.

இதை விளக்க, பல ஆண்டுகள் ரயில் பாதையில் வேலை பார்த்தவன் என்ற முறையில், எனக்குப் பழக்கமான தண்டவாளத்தையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்.

தண்டவாளத்தின் மேற்பரப்பு சக்கரம் உரசி உரசிக் கண்ணாடி போல் பளபளக்கும். விரிசலோ உள்ளே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. அதைக் கண்டுபிடிக்க, காதுக்குக் கேட்காத ஒலி அலைகளைத் தண்டவாளத்துக்குள் செலுத்துவார்கள். உள்ளே விரிசல் இருந்தால் எதிரொலி மாறிவிடும். கருவியைத் தள்ளிக்கொண்டு போகிறவர் உடனே அந்த இடத்தில் பெயின்டால் குறி போடுவார். குறையின் அளவைப் பொறுத்து, அங்கே பிஷ்பிளேட் வைத்து இறுக்குவார்கள்; ரயில்களின் வேகத்தைக் குறைப்பார்கள்; கீமேன் தினமும் பார்த்து வருவார்; பெரிய விரிசலென்றால் அந்தத் துண்டையே வெட்டி எடுத்து வேறு துண்டு போடுவார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. விரிசல் தெரிந்ததற்காக யாரும் அந்தப் பாதையையே பெயர்த்து எறிவதில்லை. விரிசலே இல்லை என்று சாதிப்பதும் இல்லை. "இந்தப் பாதை அப்படித்தான்" என்று சொல்லி முழு வேகத்தில் ரயிலை விடுவதும் இல்லை. நாமோ நம் குறை விஷயத்தில் இந்த மூன்றில் ஒன்றைத்தான் செய்கிறோம். "நான் எதற்கும் லாயக்கில்லை" என்று சோர்ந்து போகிறோம், அல்லது "எனக்கா கோபம்?" என்று கோபமாகவே கேட்கிறோம், அல்லது "என் சுபாவம் அது" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். மூன்றாவதைக் குறையை ஏற்றுக்கொள்வது என்று பலர் தவறாக நினைக்கிறார்கள். அது ஏற்றுக்கொள்வதல்ல, கைகழுவுவது.

இரண்டு வகைக் குறைகள்

எல்லாக் குறையும் விரிசல் அல்ல. எஃகு வெயிலில் நீளும். 13 மீட்டர் நீளமுள்ள ஒரு தண்டவாளம், வெப்பம் 40 டிகிரி ஏறினால் ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் நீளும். இது எஃகின் இயல்பு. அதைத் திருத்த முடியாது. அதனால்தான் பழைய பாதைகளில் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே இடைவெளி விட்டார்கள். இடைவெளி விடாமல் நெருக்கிப் போட்டால் கோடையில் பாதை நெளிந்துவிடும்.

மனிதரிடமும் இப்படித்தான். பொய், குடி, வீட்டாரைச் சுடுசொல்லால் காயப்படுத்துவது இவையெல்லாம் விரிசல்கள். குறி போட்டு, வேகத்தைக் குறைத்து, வெட்டி எடுத்தே ஆகவேண்டும். மறதி, கூச்சம், மெதுவாகப் புரிந்துகொள்வது இவை எஃகின் நீட்சி மாதிரி. இவற்றோடு மல்லுக்கட்டுவதைவிட இடம் விட்டு வைப்பது மேல். மறதிக்காரர் சட்டைப் பையில் ஒரு சிறு நோட்டு வைத்துக்கொண்டால் போதும், பாதிச் சங்கடம் தீர்ந்தது.

காந்தியடிகள் லண்டனில் படித்த காலத்தில் சைவ உணவுச் சங்கக் கூட்டங்களில் எழுந்து பேச முடியாமல் தவித்தார். அந்தக் கூச்சத்தைத் தமது 'சத்திய சோதனை'யில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். பேசத் தயங்கியதே தமக்குச் சொற்களை அளந்து பேசக் கற்றுக்கொடுத்தது என்றும் சொல்கிறார். இயல்பை இயல்பாக ஏற்றதால் அவருக்குக் கிடைத்த லாபம் அது.

முக்கால் விநாடிக்கு வேலை போயிற்று

இங்கிலாந்தில் கிரீனிச் வானாய்வுக் கூடத்தில் 1796-இல் நடந்த ஒரு சம்பவம் யோசிக்க வைக்கும். நட்சத்திரம் தொலைநோக்கியின் கம்பியைக் கடக்கும் நேரத்தைக் கடிகார ஓசையைக் காதால் கேட்டுக்கொண்டே கண்ணால் பார்த்துக் குறிக்க வேண்டும். தலைவர் மாஸ்கலின் குறித்த நேரத்துக்கும், உதவியாளர் கின்னிபுரூக் குறித்த நேரத்துக்கும் ஏறக்குறைய 0.8 விநாடி வித்தியாசம் வந்தது. உதவியாளர் வேலையை இழந்தார்.

பல ஆண்டுகளுக்குப் பிறகு பெஸ்ஸல் என்ற ஜெர்மன் வானியலாளர் இதை வேறு விதமாகப் பார்த்தார். தம்மையும் மற்ற நிபுணர்களையும் ஒப்பிட்டுச் சோதித்தார். தமக்கும் இன்னொரு தேர்ந்த வானியலாளருக்கும் இடையே ஒரு விநாடிக்கும் மேலான வித்தியாசம் இருந்தது! திறமையானவர்களிடமும் அவரவர்க்கென்று ஒரு பிழை உண்டு என்பது அப்போது விளங்கிற்று. அதன்பின் ஒவ்வொருவரின் பிழையையும் அளந்து, கணக்கில் கழித்துக்கொள்ளும் வழக்கம் வந்தது. பிழையை மறுத்தபோது ஒருவர் வேலை போனது. ஏற்று அளந்தபோது ஒரு விஞ்ஞானம் துல்லியமாயிற்று.

இன்னொன்றும் இதில் உண்டு. பெஸ்ஸல் தனியாக உட்கார்ந்து தம் பிழையைக் கண்டுபிடிக்கவில்லை, இன்னொருவர் வேண்டியிருந்தது. திருக்குறளின் 44-ஆம் அதிகாரம் 'குற்றங்கடிதல்'. அதையடுத்த 45-ஆம் அதிகாரம் 'பெரியாரைத் துணைக்கோடல்'. இந்த வரிசை எனக்குப் பொருத்தமாகவே படுகிறது. நம் முதுகு நமக்குத் தெரியாதல்லவா?

எப்படித் தொடங்குவது?

அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின் (1706–1790) ஒரு வழி சொல்லியிருக்கிறார். 13 நற்குணங்களைப் பட்டியல் போட்டார். ஒரு சிறு நோட்டில் ஏழு நாட்களுக்கு ஏழு கட்டம் வரைந்து, தவறிய இடத்தில் கறுப்புப் புள்ளி வைத்தார். வாரத்துக்கு ஒரு குணத்தில் மட்டும் விசேஷ கவனம். 13 வாரத்தில் ஒரு சுற்று. ஆண்டுக்கு நான்கு சுற்று. பட்டியலில் முதலில் 12 குணங்களே இருந்தன. நண்பர் ஒருவர், "உமக்குக் கர்வம் அதிகம்" என்று சொன்னபிறகே பணிவைப் பதின்மூன்றாவதாகச் சேர்த்தார். பொருள்களை ஒழுங்காக வைக்கும் பழக்கம் மட்டும் அவருக்குக் கடைசிவரை சரியாக வரவில்லை. நினைத்த பூரணத்தை அடையாவிட்டாலும், முயன்றதால் மேலான மனிதனானேன் என்று திருப்திப்பட்டார்.

நமக்கு 13 வேண்டாம்; ஒன்று போதும். எது என்று தெரியாவிட்டால் வீட்டில் கேளுங்கள். மனைவிக்கோ கணவருக்கோ யோசிக்க நேரமே தேவைப்படாது! சொல்லும்போது குறுக்கே பேசாமல் கேட்பதுதான் முதல் பரீட்சை.

நம் சங்கத்து மூத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. காது மந்தமானதை ஒப்புக்கொள்ள மனமில்லாமல், பேரப்பிள்ளைகள் பேசுவது புரியாமல் வெறுமனே சிரித்து வைக்கிறவர்கள் நம்மில் உண்டு. அவர்கள் மெல்ல மெல்லப் பேச்சிலிருந்தே ஒதுங்கிவிடுகிறார்கள். கருவி மாட்டிக்கொள்வது அவமானமல்ல. பேரன் பேச்சைக் கேட்காமலே வருஷங்கள் போய்விட்டால் அதைத்தான் திரும்பப் பெற முடியாது.

பெயின்டால் குறி போட்ட தண்டவாளம் ஆபத்தானதல்ல. அங்கே எல்லோரும் ஜாக்கிரதையாக இருப்பார்கள். குறி போடாத விரிசல்தான் ரயிலைக் கவிழ்க்கும்.