மலையிறங்கும் வண்டியும் பிரேக்கும்

கொடைக்கானலைப் பார்க்காத தோழியர் நம்மில் மிகச் சிலரே இருப்பர். கெங்குவார்பட்டிக்கு அருகே காட் ரோடு பிரிவில் நின்றால் மலையேறும் வண்டிகளும் இறங்கும் வண்டிகளும் ஓய்வின்றிப் போய் வருவதைக் காணலாம். ஏறி வரும் வண்டி இரைந்துகொண்டு வரும். இறங்கி வரும் வண்டியிலிருந்தோ சில வேளைகளில் ரப்பர் கருகியது போன்ற ஒரு நெடி வீசும். "லைனிங் வேகுது" என்பார் என் மாமா. அவர் இச்சாலையோரத்தில் மோட்டார் பட்டறை வைத்திருக்கிறார். விடுமுறை நாட்களில் அங்கே நான் பார்த்தும் கேட்டும் அறிந்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

மாட்டு வண்டி மேட்டில் நின்றால் சக்கரத்தின் அடியில் ஒரு கட்டையைக் கொடுப்பார்கள். தேர் ஓட்டத்திலும் அப்படித்தான். 'முட்டுக்கட்டை போடுதல்' என்று நாம் பிறரைக் குறை கூறும்போது சொல்வது இதிலிருந்து வந்ததே. திருவாரூர் ஆழித்தேருக்கே திருச்சி பெல் நிறுவனத்தார் ஹைட்ராலிக் பிரேக் பொருத்திவிட்டனர். ஆனால் வேலை இன்னும் அதேதான்: உராய்வினால் சக்கரத்தை நிறுத்துவது.

ஓடுகிற வண்டியின் ஆற்றல் நிறுத்தியதும் எங்கே போகிறது? ஆற்றல் அழிவதில்லை என்று இயற்பியல் வகுப்பில் படித்தோம் அல்லவா? அது வெப்பமாகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். மலையடிவாரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர். ஆட்களோடு சேர்த்து 1,500 கிலோ எடையுள்ள கார் இந்த 1,800 மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், 30 டிகிரியில் உள்ள 90 லிட்டர் தண்ணீரைக் கொதி நிலைக்குக் கொண்டுவரப் போதும். ஆறு குடம் தண்ணீர்! இதில் ஒரு பங்கைக் காற்றும் டயரும் வாங்கிக்கொள்ளும். மீதியை எஞ்சினும் பிரேக்கும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். எஞ்சினுக்கு எதையும் விடாமல் நியூட்ரலில் வண்டியை உருட்டி வந்தால் அத்தனை சூடும் நான்கு சக்கரங்களின் தலையில்தான் விழும். ஏறும்போது எந்தக் கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்று பழைய டிரைவர்கள் சொல்வதன் காரணம் இதுவே. பெட்ரோலை மிச்சம் பிடிக்கிறேன் என்று எஞ்சினையே நிறுத்திவிடுவோரும் உண்டு. இப்போதைய கார்களில் காலுக்கு உதவியாக ஒரு பூஸ்டர் இருக்கிறது. எஞ்சின் நின்றால் சிறிது நேரத்தில் அந்த உதவியும் நின்றுபோகும்.

காலால் அழுத்துவது சக்கரத்துக்கு எப்படிப் போய்ச் சேருகிறது? பெடலுக்கு அப்பால் மாஸ்டர் சிலிண்டர் இருக்கிறது. அதிலிருந்து மெல்லிய குழாய்கள் சக்கரங்களுக்குச் செல்கின்றன. குழாய் நிறைய பிரேக் ஆயில். அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் கொடுத்த அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும் என்று 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் கண்டறிந்த விதியே இங்கே வேலை செய்கிறது. சக்கரத்தருகே உள்ள பிஸ்டனின் பரப்பு நான்கு மடங்கானால் விசையும் நான்கு மடங்காகும். டிரம் பிரேக்கில் லைனிங் ஒட்டிய ஷூக்கள் உள்ளிருந்து டிரம்மை அழுத்தும். டிஸ்க் பிரேக்கில் இரு பேடுகள் தட்டை இருபுறமும் கவ்விப் பிடிக்கும். பெரிய பேருந்துகளில் திரவத்துக்குப் பதில் அழுத்திய காற்று.

இனி, எனக்கு மறக்க முடியாத ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் குடும்பத்தோடு வாடகைக் காரில் மலையிறங்கினோம். எலிவால் அருவி தெரியும் இடத்தைத் தாண்டிச் சில வளைவுகள் வந்திருப்போம். டிரைவரின் கால் பெடலோடு தரை வரை போனதை முன்னால் இருந்த அப்பா பார்த்துவிட்டார். டிரைவர் பதறாமல் கியரைக் குறைத்து, கை பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுத்து, மலைப் பக்கமாக ஒதுக்கி நிறுத்தினார். கை பிரேக்குக்குத் தனிக் கம்பி; ஆயிலோடு அதற்குத் தொடர்பு இல்லை. அம்மா ஜெபமாலையைக் கையிலிருந்து விடவே இல்லை. அரை மணி கழித்துப் பெடல் பழையபடி கெட்டியாக நின்றது. "இப்ப சரியாயிருச்சே" என்று டிரைவர் புறப்படப் பார்த்தார். அப்பா சம்மதிக்கவில்லை. பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றிவிட்டு மாமாவுக்கு ஆள் அனுப்பினார்.

சரியாகவில்லை என்பதே உண்மை. பிரேக் ஆயிலுக்கு, மழைக்காலத்து உப்பைப்போல, ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு. டாட் 3 வகைப் புது ஆயில் 205 டிகிரிக்குக் கீழே கொதிக்கக் கூடாது என்பது அளவு. ஈரம் ஏறிய பின் அது 140 டிகிரி வரை இறங்கிவிடலாம். சூட்டில் ஆயில் கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழி உண்டாகும். திரவம் அமுங்காது, ஆவியோ பஞ்சுபோல் அமுங்கும். கால் கொடுக்கும் அழுத்தமெல்லாம் குமிழியை நசுக்குவதிலேயே போய்விடும். ஆறியதும் ஆவி மீண்டும் திரவமாகும், பெடலும் நிற்கும், அடுத்த இறக்கத்தில் மறுபடி கை விடும். அந்தக் காரில் ஆயிலை மாற்றியதாக யாருக்கும் நினைவில்லை. பார்வைக்குக் காப்பி டிகாக்‌ஷன்போல் இருந்தது. இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று மாமா கண்டிப்பாகச் சொல்வார்.

பட்டறையில் நடந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். டிரம்மைக் கழற்றியதும் உள்ளிருக்கும் தூசியை வாயால் ஊதவோ காற்றடிக்கவோ மாமா விடுவதில்லை; ஈரத்துணியால்தான் துடைப்பார். பழைய லைனிங்குகளில் கல்நார் கலந்திருந்தது. அதன் தூள் நுரையீரலுக்குக் கேடு. லைனிங் தேய்ந்து ரிவிட் தலை வெளியே வந்திருந்தால் டிரம்மில் கோடு விழுந்திருக்கும். லேத்தில் கடைய வேண்டும். ஆயில் பட்ட லைனிங்கைப் பெட்ரோலில் கழுவிப் போடச் சொல்லும் வாடிக்கையாளர்களோடு அவருக்குத் தினமும் வாக்குவாதம்தான். ஒரு பக்கம் மாற்றினால் எதிர்ப் பக்கமும் மாற்றியாக வேண்டும். இல்லாவிட்டால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒருபுறமாக இழுக்கும். ரப்பர் வாஷர்களை மண்ணெண்ணெயில் கழுவினால் அவை ஊதிக்கொள்ளும். இவற்றைக் கேட்டபோது நம் வேதியியல் ஆய்வகத்தில்கூட இவ்வளவு கட்டுப்பாடு இல்லையே என்று தோன்றியது.

ஆயில் மாற்றிய பின் ஏர் எடுக்க இரண்டு பேர் வேண்டும். அன்று பையன் வரவில்லை. எனக்கு அந்த வேலை கிடைத்தது. "மிதிச்சுப் பிடி பாப்பா" என்பார். நான் மிதித்துப் பிடிப்பேன். சக்கரத்தருகே நிப்பிளைத் தளர்த்துவார். அதில் மாட்டிய குழாயின் முனை ஆயில் உள்ள பாட்டிலில் மூழ்கியிருக்கும். குமிழிகள் வரும். அவர் நிப்பிளை இறுக்கி, "இப்ப விடு" என்ற பிறகே காலை எடுக்க வேண்டும். முந்தினால் காற்று திரும்ப உள்ளே போய்விடும். மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரத்துச் சக்கரத்தில் தொடங்கி வரிசையாக நான்கும் முடிய என் கால் வலித்துவிட்டது. கடைசியில் பெடல் பாறைபோல் நின்றது.

மாமா காரை எடுத்துக்கொண்டு முதல் சில வளைவுகள் வரை ஏறி இறங்கி வந்தார். வந்ததும் சக்கரம் சக்கரமாகப் போய்ப் புறங்கையை அருகில் வைத்துப் பார்த்தார். மூன்றில் ஒரே சூடு. வலது பின்சக்கரத்தில் மட்டும் அனல் அடித்தது. அதில் ஷூ முழுதாகத் திரும்பாமல் உரசிக்கொண்டிருக்கிறதாம். ஒன்றும் பேசாமல் மறுபடியும் ஜாக்கியை எடுத்துப் போட்டார்.