வலி இருக்கும், வதை இருக்காது

முகவரி கேட்பதுபோல் வந்து, ஹிப்னாடிசம் செய்து நகையைப் பறித்துச் சென்றதாகச் செய்திகள் அடிக்கடி வருகின்றன. அவற்றைப் படித்துப் பயந்துபோன வாசகர் ஒருவர் கேட்கிறார்: தீராத வயிற்றுக் கோளாறுக்கு ஹிப்னோதெரபி எடுத்துப் பார்க்கலாம் என்கிறார் மருத்துவர், என் மனம் இன்னொருவர் கைக்குப் போய்விடாதா? மயக்கம் தெளியாமலே போனால்?

அப்படி ஆகாது. ஹிப்னாடிசம் தூக்கமும் அல்ல, மயக்கமும் அல்ல. அந்த நிலையில் இருப்பவர் பேசுவதைக் கேட்கிறார், பதில் சொல்கிறார், பிடிக்காவிட்டால் எழுந்து போகலாம். சிகிச்சையாளர் பாதியில் வெளியே போய்விட்டாலும் சிகிச்சை பெறுபவர் சற்று நேரத்தில் தானாகவே இயல்புக்குத் திரும்பிவிடுவார். ஒத்துழைக்காத ஒருவரைத் தெருவில் நிறுத்தி நொடியில் வசியம் செய்ய முடியாது. நகை பறிப்பவர்களின் ஆயுதம் பேச்சு சாமர்த்தியமும், அது கிளப்பிவிடும் பதற்றமும்தான்.

ஹிப்னாடிசத்தின் வரலாறு பெரும்பாலும் மேடை வித்தை. நமக்கு வேண்டியது கொஞ்சம்தான். இதன் முன்னோடியான மெஸ்மர் சொன்ன ‘காந்தத் திரவம்’ என்று ஒன்று இல்லவே இல்லை என்று 1784-லேயே பிரெஞ்சு அறிஞர் குழு முடிவுகட்டியது. அமெரிக்காவின் பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் வேதியியலாளர் லவாய்சியேயும் அதில் இருந்தார்கள். ஆனாலும் 1845-ல் வங்காளத்தின் ஹூக்ளியில் ஜேம்ஸ் எஸ்டெயில் என்ற மருத்துவர், மயக்க மருந்து வருவதற்கு முன்பே, மெஸ்மரின் முறையில் பெரிய கட்டிகளை அறுத்து எடுத்தார். அறுவையின் வலியெல்லாம் எங்கே போனது?

விடையின் ஒரு பகுதி 1997-ல் கிடைத்தது. கனடாவின் மாண்ட்ரியலில் பியர் ரெயின்வில் குழுவினர், ஹிப்னாடிசத்துக்கு எளிதில் வசப்படும் சிலரைத் தேர்ந்தெடுத்தார்கள். சுமார் 47 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் கையை வைக்கச் சொல்லி, மூளையை பெட் ஸ்கேன் எடுத்தார்கள். “சூடு இருக்கட்டும், அது உங்களைத் தொந்தரவு செய்யாது” என்ற கருத்தில் ஒரு யோசனை. இன்னொரு முறை, “தொந்தரவு அதிகம்” என்று. தண்ணீரின் சூடு மாறவே இல்லை. உடல் உணர்ச்சியைப் பதியும் மூளைப் புறணியிலும் பெரிய மாற்றம் இல்லை. மாறியது முன்புற சிங்குலேட் என்னும் பகுதி. வலியின் ‘வதை’யோடு ஏறி இறங்குவது அதுதான்.

ஆடி மாதத்துக் கூம்பு ஸ்பீக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். நாளைக்குப் பரீட்சை எழுதப்போகும் மாணவனுக்கு அது சித்திரவதை. விழாக் கமிட்டிக்காரருக்கு அதே சத்தம் ஆனந்தம். இருவர் காதிலும் விழுவது ஒரே டெசிபல். ரெயின்வில் செய்தது, ஸ்பீக்கரைத் தொடாமல், ஜன்னலைச் சாத்தாமல், மாணவனைக் கொஞ்ச நேரம் கமிட்டிக்காரராக்கியது. பிறகு அவனைத் திரும்பவும் பரீட்சைக்கு அனுப்பியும் பார்த்தார். 2001-ல் அதே குழு, “சூடே குறைகிறது” என்று யோசனையை மாற்றியது. இப்போது உணர்ச்சிப் புறணியே அடங்கியது. அதாவது வால்யூம் குமிழையும் தனியாகத் திருக முடிகிறது! எந்தச் சொல்லைச் சொல்கிறோமோ, மூளையில் அதற்குரிய இடம் அசைகிறது. வெறும் நடிப்பு என்று இதைத் தள்ளிவிட முடியாது.

இந்த அழகை விளம்பரக்காரர்கள் கெடுக்கிறார்கள். ஒரே அமர்வில் சிகரெட்டை நிறுத்தலாம் என்பதற்குத் தெளிவான ஆதாரம் இல்லை என்று 2019-ல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. ‘முற்பிறவி’யையும் ‘மறந்துபோன நினைவு’களையும் மீட்டுத் தருவதாகச் சொல்வது இன்னும் ஆபத்து: ஹிப்னாடிசம் நினைவைத் துல்லியமாக்குவதில்லை, தவறான நினைவின் மீதும் உறுதியான நம்பிக்கையை ஏற்றிவிடும். எல்லோருக்கும் ஒரே அளவில் பலிப்பதும் இல்லை.

கேள்வி கேட்ட வாசகருக்கு நல்ல செய்தி உண்டு. எரிச்சல் குடல் நோய்க்கு இது உதவுவதை மான்செஸ்டரில் வோர்வெல் குழு 1984-லேயே காட்டியது. ஓராண்டு மருந்து எடுத்தும் தேறாதவர்களுக்கு இதைப் பரிசீலிக்கலாம் என்று பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸின் பரிந்துரையும் சொல்கிறது. ஆனால் முதலில் நோய் இன்னதென்று மருத்துவர் உறுதிசெய்திருக்க வேண்டும். வதை குறைந்தால் நோய் குறைந்ததாக ஆகாது. குடல்வால் அழற்சியோ புற்றுக்கட்டியோ இருந்தால், இதமாக இருக்கிறதே என்று காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் நஷ்டம்தான். பரிசோதனை முடிவுகளைக் கையில் வாங்கிக்கொண்டு, தேர்ச்சி பெற்ற மருத்துவரிடமோ உளவியலாளரிடமோ தைரியமாகப் போங்கள்.