கல்லூரியில் மனநலமும் ஒரு பாடமாகட்டும்

பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் காலை ஏழரை மணிக்கு நசரத்பேட்டைக்கு வந்து பாருங்கள். கண்ணில் படுவதில் பாதி கல்லூரிப் பேருந்துகள். வண்டலூர் – மீஞ்சூர் வெளிவட்டச் சாலை இங்கேதான் நெடுஞ்சாலையைக் கடக்கிறது என்பதால், தாம்பரம் பக்கத்துப் பிள்ளைகளும் ஆவடி, அம்பத்தூர் பிள்ளைகளும் இந்தச் சந்திப்பு வழியாகத்தான் போகிறார்கள். பனிமலர் பொறியியல் கல்லூரியும் மருத்துவக் கல்லூரியும் இந்த ஊரிலேயே இருக்கின்றன. மேற்கே போனால் தண்டலத்தில் இன்னும் சில பெரிய கல்லூரிகள். கிழக்கே வேலப்பன்சாவடியிலும் போரூரிலும் மருத்துவ, பல் மருத்துவக் கல்லூரிகள். சிக்னலில் நிற்கும் எந்தப் பேருந்தை வேண்டுமானாலும் பாருங்கள். கழுத்தில் அடையாள அட்டை, மடியில் ஜெராக்ஸ் நோட்ஸ், ஜன்னல் கண்ணாடியில் சாய்ந்த தலை என்று வரிசையாகப் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

உயர்கல்வியில் தமிழ்நாடு நாட்டுக்கே முன்னோடி. 2021-22 கணக்குப்படி 18 முதல் 23 வயதுக்கு உட்பட்டோர் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் இங்கே உயர்கல்வியில் சேர்ந்தோர் விகிதம் 47 சதவீதம். இந்திய சராசரி 28.4. இவர்களில் பலர் தங்கள் வீட்டின் முதல் பட்டதாரிகள். அந்தப் பெருமையோடு, வீட்டின் கடனும் நகை அடகும் தங்கையின் படிப்பும் அந்தத் தலையில்தான் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. ஒரு பாலம் எவ்வளவு பாரம் தாங்கும் என்று கணக்குப் போட இவர்களுக்கு நாலு வருடம் சொல்லிக்கொடுக்கிறோம். தன் மனம் எவ்வளவு தாங்கும், எங்கே விரிசல் விடும் என்று ஒரு மணி நேரம்கூடச் சொல்லிக்கொடுப்பதில்லை.

ஏன் இந்த வயதில்?

மனநோய் முதுமையில் வருவது என்றோ, ஏதோ சில குடும்பங்களுக்கு மட்டும் வருவது என்றோ நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்ததில், மனநலக் கோளாறு வருபவர்களில் சுமார் 62 சதவீதம் பேருக்கு அது 25 வயதுக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது. அதாவது பள்ளியிலும் கல்லூரியிலும் இருக்கும்போதே. மூளையின் முன்பகுதி, திட்டமிடுவதற்கும் உணர்ச்சியைக் கட்டுக்குள் வைப்பதற்குமான பகுதி, முழுசாக முதிர இருபதுகளின் நடுப்பகுதி ஆகிவிடுகிறது. அந்த நேரத்தில்தான் விடுதி வாழ்க்கை, ஆங்கில வழிப் பாடம், அரியர், பிளேஸ்மென்ட், காதல், பிரிவு எல்லாம் ஒன்றாக வந்து சேர்கின்றன.

பெங்களூரு நிம்ஹான்ஸ் 2015-16-ல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், பெரியவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருந்தது. பெரும்பாலான கோளாறுகளில், சிகிச்சை தேவைப்பட்டவர்களில் பத்தில் ஏழு பேருக்கு மேல் அது கிடைக்கவே இல்லை. மருந்து இல்லாததால் மட்டுமல்ல, இது நோய் என்றே தெரியாததாலும்தான்.

மோட்டிவேஷன் பேச்சு போதாது

வருடத்துக்கு ஒருநாள் ஆடிட்டோரியத்தில் ஒரு பேச்சாளர் வருவார். ‘உன்னால் முடியும்’ என்பார். கைதட்டல் கேட்கும். மனநல நிகழ்ச்சி நடந்ததாக ஆண்டறிக்கையில் எழுதிவிடுவார்கள். எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. மனச்சோர்வில் இருக்கும் மாணவனிடம் ‘உன்னால் முடியும்’ என்றால், தன்னால் முடியவில்லை என்ற குற்ற உணர்ச்சிதான் கூடும். அவனுக்கு வேண்டியது அறிவு. தனக்குள் என்ன நடக்கிறது, எப்போது உதவி கேட்க வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும் என்ற தெளிவு. அதற்கு முதல் செமஸ்டரில் ஒரு தாள் வேண்டும். மார்க் போட வேண்டாம். வருகைப் பதிவு இருந்தால் போதும்.

அந்த வகுப்பில் என்ன சொல்லலாம்?

முதல் பாடம் தூக்கம். பதின்ம வயதிலும் இருபதுகளின் தொடக்கத்திலும் உடலின் கடிகாரமே சற்றுப் பின்னால் ஓடுகிறது. தூக்கத்துக்கு அழைக்கும் மெலடோனின் இரவில் தாமதமாகத்தான் சுரக்கிறது. சோம்பேறித்தனம் என்று வீட்டில் திட்டு வாங்குவதற்குப் பின்னால் பெரும்பாலும் இந்த உடலியல் இருக்கிறது. இந்த வயதுக்கு 7 முதல் 9 மணி நேரத் தூக்கம் தேவை. பல்லாவரத்தில் ஆறு மணிக்குப் பேருந்து ஏற ஐந்து மணிக்கு எழுகிற பெண், முந்தைய இரவு ஒரு மணி வரை ரெக்கார்டு எழுதியிருந்தால் கணக்கு எங்கே சரியாகும்? பகலில் படித்ததை மூளை நினைவில் பதிய வைப்பது தூக்கத்தில்தான். தொடர்ந்து 17 மணி நேரத்துக்கு மேல் விழித்திருப்பவரின் கவனமும் கைவேகமும், லேசாக மது ஏறியவரின் நிலைக்கு இறங்கிவிடுகின்றன. விடிய விடியப் படித்துவிட்டுத் தேர்வறையில் ‘எல்லாம் மறந்துபோச்சு’ என்று விழிக்கும் பிள்ளைக்கு இதைச் சொல்ல வேண்டாமா? கல்லூரி நிர்வாகத்துக்கும் இதில் பங்குண்டு. முதல் மணியை அரை மணி நேரம் தள்ளிவைத்தால், அதுவே ஒரு மனநலத் திட்டம்.

அடுத்தது பதற்றம். வைவாவுக்கு முன்னால் நெஞ்சு படபடப்பதும் கை வியர்ப்பதும் அட்ரினலின் வேலை. அது எல்லோருக்கும் வரும், போய்விடும். மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்கினால், நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விட்டால், சில நிமிடங்களில் இதயத் துடிப்பு இறங்கும். ஆனால் காரணமே இல்லாமல் திடீரென மூச்சடைத்து, ‘செத்துவிடுவேன்’ என்ற பயம் திரும்பத் திரும்ப வந்தால் அது வேறு. அதற்குச் சிகிச்சை உண்டு. நன்றாகக் குணமாகவும் செய்கிறது.

மனச்சோர்வுக்கு ஓர் எளிய அளவுகோல் இரண்டு வாரம். எதிலும் ஆர்வமில்லாமல், பெரும்பாலான நாட்கள், நாளின் பெரும்பகுதி மனம் கனத்து, தூக்கமோ பசியோ மாறி, கவனம் சிதறி, நான் எதற்கும் லாயக்கில்லை என்ற எண்ணம் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். பேச்சுச் சிகிச்சையே பலருக்குப் போதும். மருந்து தேவைப்பட்டால், அது வேலை செய்யத் தொடங்க இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். தொடக்க வாரங்களில், அதிலும் 25 வயதுக்கு உட்பட்டவர்களை, மருத்துவர் அடிக்கடி பார்த்துக்கொள்வது அவசியம். இந்த மருந்துகள் போதைப்பழக்கம் ஆகாது. ஆனால் தானாக நிறுத்தவும் கூடாது.

இதுவரை சொன்னதை ஓரளவு பலரும் பேசுகிறார்கள். யாரும் பேசாதது சைக்கோசிஸ். பெரும்பாலும் பதினெட்டுக்கும் இருபத்தைந்துக்கும் இடையில்தான் அது முதலில் தலைகாட்டும். நன்றாகப் படித்த பையன் வகுப்புக்கு வருவதை நிறுத்துகிறான், குளிப்பதில்லை, அறைத்தோழர்கள் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்கிறான், யாரும் இல்லாத இடத்தில் குரல் கேட்கிறது என்கிறான். விடுதியில் இதைத் ‘திமிர்’ என்றும் ‘கஞ்சா’ என்றும் முடிவு கட்டுவார்கள். கஞ்சா இந்த ஆபத்தைக் கூட்டுவது உண்மைதான். ஆனாலும் அவனுக்குத் தேவை தண்டனை அல்ல, மருத்துவர். சிகிச்சை தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் மீள்வதைக் கடினமாக்குகிறது. சைக்கோசிஸ் வகையைச் சேர்ந்த ஸ்கிசோஃப்ரினியா நோய்க்காகவே 1984-ல் சென்னையில் தொடங்கப்பட்ட ஸ்கார்ஃப் அமைப்பு, தொடக்க நிலையிலேயே கண்டறிவதைத் தன் முக்கிய வேலையாக வைத்திருக்கிறது.

கடைசியாக, நண்பனிடம் கேட்கும் கலை. ‘சாகணும்னு தோணுதாடா?’ என்று நேராகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி இல்லை. கேட்பது பாரத்தை இறக்குகிறது. கேட்டபின் அறிவுரை வேண்டாம், தனியே விட்டுவிட்டு வரவும் வேண்டாம்.

ஒரு தேர்வு விதி காப்பாற்றிய உயிர்கள்

மனநலத்தைப் பேசும்போது நாம் மாணவரையே திருத்தப் பார்க்கிறோம். விதியைத் திருத்தலாம் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986-ல் சென்னையில் தொடங்கிய ஸ்நேகா தற்கொலைத் தடுப்பு மையத்துக்கு, பொதுத்தேர்வு முடிவு வெளியாகும் நாட்களில் அழைப்புகள் குவியும். ஒரு பாடத்தில் தவறினால் ஒரு வருடமே போய்விட்டது என்பதுதான் பிள்ளைகளை நொறுக்கியது. தவறிய பாடத்தை உடனே எழுதி, அதே ஆண்டு கல்லூரியில் சேர வழி வேண்டும் என்று அரசிடம் வலியுறுத்தியவர்களில் ஸ்நேகாவும் உண்டு. உடனடித் துணைத்தேர்வு வந்தது. தேர்வுத் தோல்வியால் நேர்ந்த மரணங்கள் பின்னர் குறைந்தன.

இந்தக் கண்ணோடு கல்லூரியைப் பார்த்தால் மாற்ற எத்தனையோ இருக்கிறது. இன்டர்னல் மார்க்கை நோட்டீஸ் போர்டில் பெயர் போட்டு ஒட்டுவது எதற்கு? அரியர் வைத்தவர்களைத் தனி வகுப்பாக உட்கார வைப்பது எதற்கு?

இதையே உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சிக்குப் போன ஒரு மாணவியின் மரணம் தொடர்பான வழக்கில், 2025 ஜூலை 25 அன்று நீதிபதிகள் விக்ரம் நாத், சந்தீப் மேத்தா அமர்வு நாடு முழுவதற்கும் வழிகாட்டு நெறிகளை வகுத்தது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனம் தகுதியுள்ள ஓர் ஆலோசகரையாவது நியமிக்க வேண்டும். மதிப்பெண்ணை வைத்துப் பிரிப்பதும் பலர் முன்னால் அவமானப்படுத்துவதும் கூடாது. ஆசிரியர்களுக்கும் மற்றப் பணியாளர்களுக்கும் ஆண்டுக்கு இருமுறை பயிற்சி தர வேண்டும். உதவி எண்கள் விடுதியிலும் வகுப்பறையிலும் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். சேர்க்கைக்குப் போகும் பெற்றோர் லேப், கேன்டீன், பிளேஸ்மென்ட் பற்றிக் கேட்பதோடு, ‘உங்கள் கல்லூரியில் கவுன்சலர் யார், எந்த அறை?’ என்றும் கேட்கலாம். கேட்கும் உரிமை உண்டு.

கவுன்சலர் அறையின் கதவு

ஆலோசகரை நியமித்தால் மட்டும் போதாது. அவர் அறை முதல்வர் அறைக்குப் பக்கத்தில் இருந்தால் யார் போவார்கள்? அவரிடம் சொன்னது சாயங்காலத்துக்குள் வகுப்பு மென்டாருக்கும், இரவுக்குள் வீட்டுக்கும் போனால் அடுத்த மாணவி அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டாள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், மனநோய்க்குச் சிகிச்சை பெறுபவரின் தகவல் ரகசியமாக இருக்க வேண்டும் என்கிறது; உயிருக்கு ஆபத்து போன்ற சில நிலைகள் மட்டுமே விலக்கு. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்பதும் அதே சட்டம்தான். கல்லூரிகளிலும் இந்த ஒழுங்கு வேண்டும்.

யார் யார் என்ன செய்வார்கள் என்பதிலும் குழப்பம் இருக்கிறது. மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்துச் சிறப்புப் படிப்புப் படித்தவர், மருந்து எழுதுவார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மருந்து எழுத மாட்டார். பரிசோதனையும் பேச்சுச் சிகிச்சையும் அவர் வேலை. இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் அவர் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பது தப்பில்லை. இத்துறையில் சேர விரும்பும் பிள்ளைகளை ‘சைக்காலஜியா, அதுக்கு என்னம்மா வேலை கிடைக்கும்?’ என்று வீட்டில் தடுக்காதீர்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறை 1943-லேயே தொடங்கிவிட்டது. நாட்டில் இத்துறையில் ஆள் பற்றாக்குறை இன்னும் பெரிது.

கீழ்ப்பாக்கம் கேலிக்குரிய இடமல்ல

பூந்தமல்லியிலிருந்து நெடுஞ்சாலையில் கிழக்கே போனால் அதே சாலை கீழ்ப்பாக்கத்துக்கு வந்து சேரும். அங்குள்ள அரசு மனநலக் காப்பகத்தின் வரலாறு 1794 வரை போகிறது. அந்த ஊர்ப் பெயரைச் சினிமாவும் நாமும் வசவாக்கிவிட்டோம். அந்தப் பயத்தால் சிகிச்சையைத் தள்ளிப்போட்ட குடும்பங்கள் ஏராளம். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று போற்றப்படும் சாரதா மேனன் அந்த மருத்துவமனையின் கண்காணிப்பாளராகப் பல ஆண்டுகள் இருந்து, பின்னர் ஸ்கார்ஃபை நிறுவியவர். இன்று அங்கே வெளிநோயாளியாகப் போய் மருந்து வாங்கிக்கொண்டு வேலைக்கும் கல்லூரிக்கும் போகிறவர்கள் இருக்கிறார்கள். மருத்துவக் கல்லூரி மாணவர்களுக்கான ‘மனம்’ என்ற நல்லாதரவு மன்றத் திட்டத்தை அரசு 2022 டிசம்பரில் தொடங்கியதும் அங்கிருந்துதான். மருத்துவம் படிப்பவர்களுக்கே தேவை என்றால் பொறியியல், கலைக் கல்லூரிகளுக்கும் வேண்டும்தானே?

வீட்டிலிருந்து வரும் போன்

இரவு ஒன்பது மணிக்கு விடுதி வராந்தாவில் நடக்கும் உரையாடல் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

“சாப்பிட்டியா கண்ணு?”

“சாப்பிட்டேம்மா.”

“எக்ஸாம் எப்படிப்பா எழுதின?”

“நல்லா எழுதினேம்மா.”

“சரிப்பா, நல்லா படி. உன்னைத்தான் நம்பியிருக்கோம்.”

பாசம்தான். ஆனால் கடைசி வாக்கியத்துக்குப் பிறகு அந்தப் பையன் வேறு எதையும் சொல்ல முடியாது. ‘யார்கூட சாப்பிட்ட? ராத்திரி தூக்கம் வருதா? ஒரு பேப்பர் போனா போவுது, மறுபடி எழுதிக்கலாம்’ என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். பிள்ளை வாய் திறப்பான்.

கூப்பிட வேண்டிய எண்கள்

14416 மத்திய அரசின் டெலி மானஸ் சேவை. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கியது. 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். எடுப்பவர் பயிற்சி பெற்ற ஆலோசகர். தேவையானால் மனநல மருத்துவருக்கு இணைப்பார். தமிழக அரசின் 104 மருத்துவ உதவி எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். ஸ்நேகாவின் எண் 044-24640050. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 108-ஐ அழைத்துவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை கூடவே இருங்கள். அடையாள அட்டையின் பின்பக்கத்தில் கல்லூரி முகவரிக்குக் கீழே 14416-ஐ அச்சிட அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு ஸ்டிக்கர் போதும், இந்த வாரமே ஒட்டலாம்.