கோண்டு மக்கள் கேட்ட மருத்துவமனை

மகாராஷ்டிரத்தின் கிழக்கு எல்லையில், காடு மண்டிக் கிடக்கும் கட்சிரோலி மாவட்டத்தில் கோண்டு பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். ஆஸ்பத்திரி என்றாலே ஏன் பயப்படுகிறீர்கள் என்று அவர்களிடம் கேட்டார்கள், டாக்டர் அபய் பங், டாக்டர் ராணி பங் தம்பதியர். மருத்துவக் கல்லூரியில் யாரும் சொல்லித்தராத பதில்கள் வந்தன. டாக்டரும் நர்சும் வெள்ளை உடுத்தியிருக்கிறார்கள். நாங்கள் பிணத்துக்குத்தான் வெள்ளைத் துணி போர்த்துவோம். நோயாளியை உள்ளே படுக்கவைத்து, சொந்தபந்தங்களை வெளியே நிறுத்திவிடுகிறார்கள். அங்கே சாமியும் இல்லை.

இதையெல்லாம் மூடநம்பிக்கை என்று ஒதுக்கியிருக்கலாம். பங் தம்பதியர் அப்படிச் செய்யவில்லை. 1993இல் அவர்கள் அமைத்த மருத்துவமனை ஒரு கோண்டு கிராமம் போலவே இருந்தது. வார்டுகளுக்குப் பதில் குடிசைகள். நோயாளியோடு குடும்பமும் தங்கலாம். மருத்துவமனைக்கு அந்த மக்கள் வணங்கும் தந்தேஸ்வரி அம்மனின் பெயர். இந்த ஏற்பாட்டை வெறும் அலங்காரமாக நினைத்தால் தவறு. பயந்து வீட்டிலேயே கிடக்கும் நோயாளிக்கு எவ்வளவு நல்ல மருந்து இருந்தும் பயனில்லை.

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பொதுச் சுகாதாரம் படித்துத் திரும்பிய இருவரும், 1986இல் கட்சிரோலியில் ‘சர்ச்’ (SEARCH) என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். முதலில் அவர்கள் கையில் எடுத்தது அரிவாள் செல் சோகை. ரத்தம் எடுத்துச் சோதித்து, நோய் இருப்பதை நிரூபித்தார்கள். அறிவியலுக்கு அது முக்கியமான செய்தி. ஆனால் ஊர் மக்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர்களை வாட்டிய நோய்கள் வேறு. அதற்குப் பிறகுதான், மக்களைக் கேட்டுவிட்டு வேலையைத் தொடங்குவது என்பது அங்கே வழக்கமானது. ஆண்டுதோறும் கிராமப் பிரதிநிதிகள் கூடித் தங்கள் நோய்களைப் பட்டியலிடும் கூட்டமும் நடந்தது. மலேரியா அதில் திரும்பத் திரும்ப வந்தது.

பிள்ளைகளைக் கொன்றதில் நிமோனியாவுக்குப் பெரிய பங்கு. மூச்சு எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று எண்ணினாலே அதைக் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் ஊர் மருத்துவச்சிகளுக்கு எழுத்தும் தெரியாது, அறுபது வரை எண்ணவும் வராது. அவர்களுக்காக ஒரு சின்னக் கருவி உருவானது. மணிகள் கோத்த பலகை, பக்கத்தில் ஒரு நிமிட மணற்கடிகாரம். குழந்தையின் வயிற்றைப் பார்த்தபடி பத்து மூச்சுக்கு ஒரு மணியை நகர்த்த வேண்டும். மணல் தீர்வதற்குள் சிவப்பு மணியைத் தொட்டுவிட்டால் நிமோனியா, உடனே மருந்து. பச்சைக்குழந்தைக்கு ஒரு வரிசை, கொஞ்சம் வளர்ந்த பிள்ளைக்கு இன்னொரு வரிசை. படிப்பில்லை என்று எந்தப் பெண்ணையும் ஒதுக்காமல், அவளிடம் இருந்த பத்து வரை எண்ணும் கணக்கையே மருத்துவமாக்கிய கருவி அது.

1995இலிருந்து 39 கிராமங்களில், பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்கள் வீடு தேடிப் போய்ப் பச்சைக்குழந்தைகளைக் கவனித்தார்கள். மூன்றாம் ஆண்டில், பிறந்து 28 நாள்களுக்குள் நேரும் சாவு, ஒப்பிட்டுப் பார்த்த மற்ற கிராமங்களைவிட ஏறத்தாழ 62 சதவீதம் குறைந்தது. 1999இல் ‘லான்செட்’ இதழ் இதை வெளியிட்டது. இன்று ஆஷா பணியாளர்கள் பிரசவமான வீட்டுக்கு 42ஆம் நாள்வரை குறித்த நாள்களில் போய்ப் பார்க்கிறார்களே, அந்தத் தேசியத் திட்டத்துக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

நம் பக்கத்திலும் இதே வழியில் நடந்தவர்கள் இருக்கிறார்கள். நீலகிரி மாவட்டம் கூடலூரில் 1990இல் தொடங்கிய ‘அஷ்வினி’ அமைப்பின் ஆதிவாசி மருத்துவமனை, பணியர், காட்டுநாயக்கர், முள்ளுக் குறும்பர், பெட்டக் குறும்பர் போன்ற மக்களுக்காக ஏற்பட்டது. அங்கே ஆதிவாசிப் பெண்களே செவிலியர்களாகப் பயிற்சி பெற்றார்கள். நோயாளி தயங்கித் தயங்கிச் சொல்வதைத் தன் வீட்டுப் பேச்சாகவே புரிந்துகொள்ளும் ஆள் வார்டில் இருக்கிறார்.

மலைப்பகுதிகளில் உள்ள அரசு ஆரம்பச் சுகாதார நிலையங்களுக்கு இவற்றில் பலவும் எட்டாதவை அல்ல. பிரசவத்துக்கு வந்தவளோடு தாயோ மாமியாரோ கூடவே இருக்க அனுமதிக்கலாம். மாற்றலாகி வரும் டாக்டர், அந்த மலையின் பேச்சில் வலி, காய்ச்சல், மூச்சுத்திணறலைக் குறிக்கும் சொற்களையாவது முதல் மாதத்தில் கற்றுக்கொள்ளலாம். செவிலியர் பயிற்சியில் அந்தந்த ஊர்ப் பெண்களுக்கு முதலிடம் தரலாம்.