ஸ்லாட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்

“லேப்டாப் ரொம்ப ஸ்லோ ஆயிடுச்சு, புதுசு வாங்கலாம்னு இருக்கேன்” என்று யார் சொன்னாலும், அதில் எத்தனை ஜிபி ரேம் இருக்கிறது என்றுதான் நான் முதலில் கேட்பேன். 4 என்று பதில் வந்தால், கொஞ்சம் பொறுங்கள் என்பேன். பிராசஸர் நன்றாக இருக்கிறது, கீபோர்டு தேயவில்லை, திரையில் கீறல் இல்லை. ஏழு சென்டிமீட்டர்கூட நீளமில்லாத ஓர் அட்டை போதவில்லை என்பதற்காக நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் கொடுத்து மொத்த இயந்திரத்தையும் மாற்றுவதற்கு எனக்கு மனம் ஒப்புவதில்லை. அந்த அட்டையை வாங்கி வந்து வீட்டு மேஜையில் வைத்து நாமே மாட்டிவிடலாம்.

கம்ப்யூட்டர் வேலை செய்துகொண்டிருக்கும் நேரத்தில் தேவைப்படுவதை எல்லாம் வைத்துக்கொள்ளும் இடம் ரேம். ஐபிஎம் நிறுவனத்தில் ராபர்ட் டென்னார்டு கண்டுபிடித்து 1968-ல் காப்புரிமை பெற்ற அமைப்புதான் அடிப்படையில் இன்றும் தொடர்கிறது: ஒரு பிட்டுக்கு ஒரு டிரான்சிஸ்டர், ஒரு மின்தேக்கி. மின்சாரம் நின்றால் எல்லாம் அழிந்துவிடும். இந்த இடம் நிரம்பிவிட்டால், உடனே தேவைப்படாததை விண்டோஸ் டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு, வேண்டும்போது திரும்ப எடுத்துவரும். டிஸ்க்கோ ரேமைவிடப் பல மடங்கு மெதுவானது. குரோமில் பத்து டேப், ஓர் எக்செல் ஃபைல், கூடவே ஜூம் மீட்டிங் என்று திறந்து வைத்தால் மவுஸ் அம்பு அப்படியே நின்றுபோவது இதனால்தான். விண்டோஸ் 11-க்குக் குறைந்தபட்சம் 4 ஜிபி வேண்டும் என்கிறது மைக்ரோசாஃப்ட். அந்த 4 ஜிபியில் விண்டோஸ் எழுந்து நிற்கும். உங்கள் வேலைக்கு இடம் மிஞ்சாது. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் திரைக்கான நினைவகமும் இதே ரேமிலிருந்துதான் போகிறது.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். உங்கள் லேப்டாப்பில் இன்னும் பழைய ஹார்டு டிஸ்க்தான் ஓடுகிறது என்றால், முதல் செலவு எஸ்எஸ்டிக்கு. ரேம் அடுத்தது.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அன்றாடம் செய்யும் வேலைகளை எல்லாம் திறந்து வைத்துக்கொண்டு, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியைப் பாருங்கள். 85, 90 சதவீதத்திலேயே நின்றால் ரேம் போதவில்லை என்று அர்த்தம். பாதிதான் நிரம்பியிருக்கிறது என்றால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது. ரேம் வாங்கிக் காசை வீணாக்காதீர்கள். அதே பக்கத்தின் கீழே ‘ஸ்லாட்ஸ் யூஸ்டு’ என்று ஒரு வரி இருக்கும். இரண்டில் ஒன்று என்று காட்டினால் ஓர் இடம் காலி. ‘ஃபார்ம் ஃபேக்டர்’ என்ற வரியில் ‘எஸ்ஓ-டிம்’ என்றிருந்தால் அது கழற்றி மாட்டக்கூடிய ரேம். ‘ரோ ஆஃப் சிப்ஸ்’ என்றிருந்தால், அது பெரும்பாலும் மதர்போர்டிலேயே பற்றவைத்த சிப். இந்த விவரங்களைச் சில மாடல்களில் டாஸ்க் மேனேஜர் தவறாகவும் காட்டும். ஆகவே கம்பெனியின் சர்வீஸ் மேனுவலையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. லெனோவோ, டெல், ஹெச்பி மூன்றுமே பல மாடல்களுக்கு எந்தத் திருகு எங்கே இருக்கிறது என்பதுவரை படம் போட்ட மேனுவலை இலவசமாகத் தருகின்றன. எத்தனை ஜிபி வரை ஏற்கும் என்பதும் அதில் இருக்கும். வாரன்டி காலம் முடியவில்லை என்றால், திறந்தால் வாரன்டி போகுமா என்பதையும் கம்பெனியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது தலைமுறை. டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 மூன்றும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். லேப்டாப் ரேமில் முதலாவதற்கு 204 பின், அடுத்ததற்கு 260, கடைசிக்கு 262. தங்கநிறத் தொடுமுனைகளுக்கு நடுவில் இருக்கும் வெட்டும் ஒவ்வொன்றிலும் இடம் மாறியிருக்கும். ஒன்றின் இடத்தில் மற்றொன்று நுழையவே நுழையாது. டிடிஆர்3-ல் இன்னொரு சிக்கல்: 1.5 வோல்ட் ரகமும் உண்டு, 1.35 வோல்ட்டில் ஓடும் டிடிஆர்3எல் ரகமும் உண்டு. தமிழக அரசு 2011-லிருந்து பிளஸ் டூ மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா லேப்டாப்களில் முதல் வருடங்களில் வந்தவற்றை இன்னும் யாராவது வைத்திருந்தால், அவர்களுக்கு வேண்டியது டிடிஆர்3. வேகம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் பாதகமில்லை. 2666-ஐயும் 3200-ஐயும் சேர்த்துப் போட்டால் இரண்டும் 2666-ல் ஓடும். இருக்கிற 4-உடன் ஒரு 8-ஐச் சேர்த்து 12 ஆக்கிக்கொள்வதிலும் தவறில்லை. ஒரே அளவில் இரண்டு போட்டால், இரண்டும் சேர்ந்தே வேலை செய்யும் டூயல் சேனலில் முழுமையாக ஓடும். கிராஃபிக்ஸ் வேலைகளில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

சென்னைக்காரர்களுக்கு இதற்கெல்லாம் ரிச்சி ஸ்ட்ரீட். அங்கே கேட்கும் முதல் கேள்வியே “பழைய ஸ்டிக்கைக் கொண்டு வந்தீங்களா சார்?” என்பதுதான். பழைய ரேமைக் கழற்றிக் கொண்டு போவதுதான் எல்லாவற்றிலும் பத்திரமான வழி. ஸ்டிக்கரில் எழுதியிருப்பதைப் பார்த்தே சரியானதை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள்.

என் அக்கா மகளின் லேப்டாப்பில் மாட்டுகிற வேலையை அவளையே செய்யச் சொன்னேன். இன்ஜினீயரிங் படிக்கிற பெண். ஆனாலும் லேப்டாப்பைத் திறந்து பார்த்ததில்லை. முழுவதுமாக ஷட் டவுன் செய்து, சார்ஜரை எடுத்து, குப்புறக் கவிழ்த்தாள். பின்மூடித் திருகுகளைக் கழற்றக் கழற்ற, எந்த இடத்திலிருந்து எடுத்தாளோ அதே வரிசையில் ஒரு தாளில் வைக்கச் சொன்னேன். நீளத் திருகைக் குட்டைத் திருகின் ஓட்டையில் போட்டு முடுக்கினால் உள்ளே எதையாவது குத்திவிடும். சில மாடல்களில் ரப்பர் காலுக்கு அடியிலும் திருகு ஒளிந்திருக்கும். பிறகு காலாவதியான ஏடிஎம் கார்டு ஒன்றை ஓரத்தில் நுழைத்து மெதுவாக நகர்த்தினாள். டக், டக் என்று கிளிப்புகள் விட்டுக்கொடுத்தன. “மாமா, உடையுதா?” என்று நிமிர்ந்து பார்த்தாள். உடையவில்லை, அந்தச் சத்தம் அப்படித்தான். மூடி வந்ததும் முதல் வேலை, பேட்டரியின் இணைப்பைப் பிடுங்குவது. அடுத்து, உடம்பிலுள்ள நிலைமின்சாரம் இறங்குவதற்காக இரும்பு ஜன்னல் கம்பியைத் தொட்டுவிட்டு வந்தாள்.

பழைய ரேமின் இரு பக்கமும் உள்ள சின்னக் கொக்கிகளை விரல் நகத்தால் வெளிப்பக்கம் தள்ளியதும், அது தானாகவே சாய்வாக மேலே எழும்பியது. புதியதையும் அதே சாய்வில், வெட்டைப் பார்த்து நுழைக்க வேண்டும். தங்க முனைகள் கிட்டத்தட்ட முழுவதும் உள்ளே மறையும்வரை தள்ள வேண்டும். பெரும்பாலோர் தயங்குவது இங்கேதான்: பயத்தில் பாதி நுழைத்துவிட்டு அழுத்திவிடுவார்கள். அவளும் முதலில் அப்படித்தான் செய்தாள். வெளியே எடுத்து மறுபடி அழுத்தமாக நுழைத்தாள். கீழே படியவைத்ததும் இரண்டு கொக்கிகளும் ஒரே நேரத்தில் ‘க்ளிக்’ என்று பிடித்துக்கொண்டன. ரேம் சரியாக உட்கார்ந்துவிட்டது.

பேட்டரியை இணைத்து, ஆன் செய்ததும் திரை கறுப்பாகவே இருக்கும். பதறி அணைத்துவிடாதீர்கள். புதிய ரேமைப் பழகிக்கொள்ள லேப்டாப் சிறிது நேரம் எடுக்கும்; டிடிஆர்5-ல் ஒரு நிமிடத்துக்கு மேலும் ஆகலாம். அதற்குப் பிறகும் வரவில்லை என்றால் பேட்டரி இணைப்பை மறுபடி எடுத்துவிட்டு ரேமைக் கழற்றி, தொடுமுனைகளைப் பென்சில் அழிக்கிற ரப்பரால் லேசாகத் துடைத்து, திரும்ப மாட்டுங்கள். எத்தனையோ லேப்டாப்களை மெக்கானிக்குகள் உயிர்ப்பிப்பது இப்படித்தான். ஓடத் தொடங்கியதும் விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்கை ஒருமுறை ஓடவிடுங்கள். பிழை காட்டினால் அன்றே கடைக்குக் கொண்டுபோய் மாற்றிவிடலாம்.

இத்தனையும் ஸ்லாட் உள்ள லேப்டாப்புக்குத்தான். 2012-ல் ஆப்பிள் வெளியிட்ட ரெட்டினா மேக்புக் ப்ரோவில் ரேம் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருந்தது. அதைப் பிரித்துப் பார்த்த ஐஃபிக்ஸிட் என்ற பழுதுபார்ப்பு இணையதளம், பழுதுபார்க்கும் வசதிக்குப் பத்துக்கு ஒரு மதிப்பெண்தான் கொடுத்தது. இன்று பல கம்பெனிகளின் மெல்லிய லேப்டாப்களும் அதே வழியில்தான் வருகின்றன. மெலிவு, மின்சிக்கனம், வேகம் எல்லாம் உண்மையான லாபங்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் வாங்கும் நாளில் எடுத்த முடிவே கடைசி முடிவாகிவிடுகிறது. மேக்புக் ஏரில் கூடுதலாக 8 ஜிபி வேண்டுமென்றால் ஆப்பிள் இந்தியாவில் 20,000 ரூபாய் வாங்கிவந்திருக்கிறது. பின்னால் மாற்ற வழியில்லாதபோது, கேட்ட விலையைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். என் காசில் வாங்கிய பொருளை நானே மேம்படுத்திக்கொள்ளும் உரிமை என்னிடம் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். மெலிவையும் விடாமல் கழற்றி மாட்டும் வசதியையும் விடாமல் ஒரு வழி இருக்கத்தான் செய்கிறது. எல்பிகேம்2 என்ற புதிய வகை ரேம் அட்டை, 2024-ல் லெனோவோவின் திங்க்பேட் பி1 ஏழாம் தலைமுறையில் வந்தது. மற்றவர்களும் அதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே புது லேப்டாப் வாங்கப் போகிறவர்கள், பிராசஸரைக் கேட்கும் அதே மூச்சில் “எக்ஸ்ட்ரா ரேம் ஸ்லாட் இருக்கா?” என்றும் கேளுங்கள். 8 ஜிபி பற்றவைத்து, கூடவே ஒரு ஸ்லாட் காலியாக விட்ட மாடல்கள் நடுத்தர விலையிலேயே கிடைக்கின்றன.

விலை விஷயத்தில் இப்போது கவனம் தேவை. ஏஐ டேட்டா சென்டர்களுக்கு நினைவக சிப்புகள் குவிந்து போவதால் 2025-ன் கடைசி மாதங்களில் பல ரேம்களின் விலை இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. பொதுமக்களுக்கு ‘க்ரூஷியல்’ பெயரில் ரேம் விற்றுவந்த மைக்ரான், அந்தத் தொழிலையே விடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. ரேம் ஏறினால் அதை வைத்துச் செய்யும் லேப்டாப்பும் ஏறும் என்பதால், இருப்பதை மேம்படுத்துவதில் இன்னமும் லாபம் இருக்கிறது. ஆனால் ‘இருக்கட்டுமே’ என்று 32 ஜிபி போடும் காலம் இது இல்லை. அலுவலக வேலைக்கும் படிப்புக்கும் 16 தாராளம். 8-லேயே சமாளிப்பவர்களும் நிறைய. அலுவலகங்கள் கழித்துவிட்ட லேப்டாப்களிலிருந்து எடுத்த டிடிஆர்4 ஸ்டிக்குகள் செகண்ட் ஹேண்டில் கிடைக்கின்றன. ரேமில் சுழலும், தேயும் பாகம் எதுவும் இல்லை; சோதனையில் தேறினால் தாராளமாக வாங்கலாம். கடைக்காரரிடம் டெஸ்டிங் வாரன்டியை மட்டும் பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் லேப்டாப்பிலிருந்து கழற்றிய 4 ஜிபியையும் எறிந்துவிட வேண்டாம். புதிய ரேம் வந்த உறையிலேயே அதைப் போட்டு எடுத்துக்கொண்டு போனால், அதே கடையில் அதற்கும் ஒரு விலை சொல்வார்கள்.