விடுதி மாணவியரும் விரும்பி ஏற்கும் பட்டினியும்

சத்துக்குறைவு என்றதும் வறுமையையே நாம் நினைக்கிறோம். நமது உணவுத் திட்டங்கள் பலவும் அந்த எண்ணத்தில் எழுந்தவையே. ஆனால் உணவுக் கட்டணம் செலுத்திய பின்னரும், உடல் மெலிய வேண்டும் என்பதற்காகக் காலை உணவையோ இரவு உணவையோ தவிர்க்கும் மாணவியர் இன்று நம் கல்லூரி விடுதிகளில் உள்ளனர். இது அவரவர் விருப்பம், அரசுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம்.

2019-21இல் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் 59.1 சதவீதத்தினருக்கு இரத்தசோகை உள்ளது. வயது வந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் இரும்புச்சத்து தேவை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் பரிந்துரைத்தது. தானியம், பருப்பு, கீரை ஆகியவற்றிலுள்ள இரும்பில் சிறு பங்கையே உடல் ஏற்றுக்கொள்கிறது. ஆகவே மூன்று வேளை உண்பவருக்கே இத்தேவை நிறைவேறுவது எளிதன்று. வேளை தவறுவது, இருப்பில்லாத கணக்கிலிருந்து பணம் எடுப்பதற்கு ஒப்பாகும்.

உடலோடு இது நிற்பதில்லை. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944-45இல் ஆன்செல் கீஸ் என்னும் அறிஞர், உடலும் மனமும் நலமாயிருந்த 36 ஆடவரை ஆறு மாதம் அரைப்பட்டினியில் வைத்து ஆராய்ந்தார். அவர்களது எடை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தது. எரிச்சலும் சோர்வும் மிகுந்தன. எந்நேரமும் உணவைப் பற்றிய எண்ணமே நிலவியது. சிலர் சமையல் நூல்களைத் தேடிப் படித்தனர். கட்டுப்பாடு நீங்கிய பின்னரும், வயிறு நிறைந்தும் உண்பதை நிறுத்த இயலாமல் சிலர் தவித்தனர். மனவுறுதியின்மை இதற்குக் காரணமன்று. பசியே மனத்தை அவ்வாறு மாற்றிவிட்டது. இந்நிலைக்கு ஆளாகும் மாணவி, அளவின்றி உண்டதற்கு வெட்கி மறுபடியும் பட்டினி கிடக்கிறாள், அல்லது வலிந்து வாந்தியெடுக்கிறாள். சிலருக்கு இச்சுழலே நோயாக முற்றுகிறது.

விரதம் நமக்குப் புதிதல்லவே என்பர். விரதத்திற்கு முடியும் நாள் உண்டு. வீட்டாருக்கும் அது தெரியும். இந்தப் பட்டினியோ மறைவாக நடப்பது.

ஆண்டுக்கொரு முறை எடை பார்க்கும் மருத்துவச் சோதனையை மட்டும் விடுதி நிர்வாகம் நம்பியிருத்தல் தகாது. உண்டு வாந்தியெடுப்போரில் பலரது எடை இயல்பாகவே இருக்கும். மாதவிடாய் நின்றுபோதல், அடிக்கடி மயக்கம், உணவு முடிந்தவுடன் குளியலறைக்கு விரைதல் ஆகியவையே கவனிக்கத்தக்க அறிகுறிகள். கட்டணம் மொத்தமாக வசூலிக்கப்படும் விடுதியில் உண்ணாதவர் பெயர் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. ஆனால் பரிமாறும் பணியாளர் அதை அறிவார். விடுதிக் காப்பாளர் முதலில் அவரிடம் விசாரிக்கலாம். மாணவியிடம் தனிமையில், எடையைப் பற்றிப் பேசாமல், உறக்கத்தையும் உடல்நலத்தையும் வினவி, மருத்துவரிடம் அழைத்துச் செல்வது நன்று. மத்திய அரசு 2022இல் தொடங்கிய டெலி மானஸ் மனநல உதவிச் சேவையின் எண் 14416. மாணவியரே நேரில் இதை அழைத்துப் பேசலாம், கட்டணம் இல்லை.