காவற்காரன் ஏமாறும் வேளை



ஜிந்துப்பிட்டியின் ஒடுங்கிய தெருக்களிலே வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன. ஒரு வீட்டுப் பூச்சாடித் தட்டிற் பிறந்த நுளம்பு பத்து வீட்டாரைக் கடிப்பதற்கு நெடுந்தூரம் பறக்க வேண்டியதில்லை. டெங்கு பரவுங் காலத்தில், “எங்கள் பிள்ளைக்கு முன்னரே ஒருமுறை வந்துவிட்டது, இனி வராது” என்று சிலர் ஆறுதல் கொள்வதுண்டு. இவ்வாறுதல் எத்துணை உண்மை என்பதை ஆராய்வோம்.

நுளம்பின் வாய்வழியே வைரசு உடலினுட் புகுந்ததும், தாக்குண்ட கலங்கள் இன்டர்பெரோன் என்னும் புரதத்தைச் சுரந்து அயற்கலங்களை எச்சரிக்கின்றன. 1957ஆம் ஆண்டில் இலண்டனிலே ஐசக்ஸ், லிண்டன்மான் என்னும் இருவர் இதனைக் கண்டறிந்தனர். இது முதற்காவல். சில நாட்களில் இரண்டாம் படை எழுகின்றது. வெண்குருதிக் கலங்களுள் ஒருவகை, வைரசைப் பற்றிப் பிடிக்கும் பிறபொருளெதிரிகளை ஆக்குகின்றது; இன்னொரு வகை, வைரசு குடிபுகுந்த கலங்களைத் தேடி அழிக்கின்றது. நோய் தணிந்த பின்னரும் பகைவனின் அடையாளம் உடலின் நினைவில் நிலைத்திருக்கும்.

அங்ஙனமாயின் டெங்கு மீண்டும் வருவது ஏன்? டெங்கு வைரசு நான்கு வகைப்படும். ஒருவகையால் நோயுற்றவர் அவ்வகைக்கு வாழ்நாள் முழுவதும் நிர்ப்பீடனம் பெறுவர். ஏனைய மூன்றுக்கும் அது சில மாதங்களே நிற்கும். பின்னர் வேறொரு வகை வருமாயின், பழைய பிறபொருளெதிரி அதனைப் பற்றிக்கொள்ளும்; ஆனால் அடக்கமாட்டாது. கிருமிகளை விழுங்கும் கலங்கள் அதனை இரையென்று உட்கொள்ள, வைரசோ அக்கலங்களுக்குள்ளேயே பெருகும். காவற்காரனே கள்வனைக் கைபிடித்து வீட்டினுள் அழைத்து வந்த கதை இது. எல்லோர்க்கும் இவ்வாறு நேர்வதில்லை. எனினும் இரண்டாம் முறை நோய் கடுமையாகும் வாய்ப்பு மிகுதி.

2017ஆம் ஆண்டில் இலங்கையில் 186,000 பேருக்கு மேல் டெங்கு நோயாளராகப் பதிவாயினர். முன்னைய ஆண்டுகளில் முதலாம் வகை மிகுந்திருந்த நாட்டில், அவ்வாண்டு இரண்டாம் வகை மேலோங்கியிருந்தது.

இன்னுமொன்று நினைவில் இருத்துக. காய்ச்சல் தணியும் நாளே ஆபத்து நீங்கிய நாளன்று. அவ்வேளையில், ஒரு நாள் அல்லது இரு நாட்கள், குருதியின் நீர்ப்பகுதி நாளங்களிலிருந்து கசியக்கூடும். வயிற்றுநோ, ஓயாத வாந்தி, சோர்வு, குருதிக்கசிவு, சிறுநீர் குறைதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் தாமதியாது மருத்துவமனைக்குச் செல்லுங்கள். காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் போதும், அதுவும் உரிய அளவிலே. அஸ்பிரின், இபுபுரோபன் போன்றவை குருதிக்கசிவை மிகுவிக்கும்.

முட்டை நுளம்பாகிப் பறப்பதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் செல்லும். ஆகவே வாரம் ஒருமுறை பூச்சாடித் தட்டையும் கூரைப் பீலியையும் நீர்த்தொட்டியையும் துப்புரவு செய்க. உடலின் காவல் ஏமாறலாம். வீட்டின் காவல் நம் கையில் உள்ளது.